நூலில் ஒரு முகம், திரையில் ஒரு முகம்

நல்ல நாவல் ஒன்றைப் படித்து மகிழ்ந்த பின், அதே கதையைத் திரையில் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்ததுண்டா? கிடைத்திருந்தால், படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, “நான் எண்ணியிருந்தவர் இவரல்லவே!” என்று உள்ளத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்திருக்கும். கதை மாறுவதற்கு முன்பே, உரையாடல் மாறுவதற்கு முன்பே, முகம் மாறிவிடுகிறது.

இதற்குக் காரணம் எளியது. எழுத்தாளர் ஒரு மாந்தரைப் பற்றிச் சில கோடுகளையே வரைகிறார். எஞ்சியதை வாசகர் தம் அனுபவத்தைக் கொண்டு நிரப்பிக் கொள்கிறார். ஆயிரம் பேர் படித்தால் ஆயிரம் முகங்கள் உருவாகின்றன. திரைப்படமோ எல்லாருக்கும் ஒரே முகத்தைத்தான் தர முடியும். அந்த ஒரு முகம் வந்தவுடன் ஏனைய முகங்கள் மெல்ல மறைந்து போகின்றன. வாசகரின் ஏமாற்றம் அங்கேதான் பிறக்கிறது.

இங்கிலாந்தின் பழம்பெரும் நாவல்கள் திரைக்கு வந்த வரலாற்றைப் பார்த்தால் இந்த உண்மை நன்கு விளங்கும். ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட ‘பிரைடு அண்டு பிரிஜுடிஸ்’ நாவலை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் நாயகர் டார்சி உயரமானவர், அழகர், பெருஞ்செல்வர், செருக்கு மிக்கவராகத் தோன்றுபவர் என்பதற்கு மேல் அவருடைய தோற்றத்தைப் பற்றி ஆசிரியை அதிகம் சொல்லவில்லை. 1995-இல் பி.பி.சி. நிறுவனம் அதனை ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது நடிகர் காலின் ஃபர்த் டார்சியானார். அவர் குளத்தில் குதித்து நனைந்த ஆடையோடு வருகின்ற காட்சி ஊரெங்கும் பேசப்பட்டது. அப்படி ஒரு காட்சி நூலில் இல்லவே இல்லை! பத்தாண்டு கழித்து, 2005-இல், அதே கதை வேறு நடிகர்களோடு இரண்டு மணி நேரப் படமாக வந்தது. பழைய தொடரை நெஞ்சில் பதித்துக் கொண்டவர்களில் பலர் புதியதை ஏற்க மறுத்தனர். புதியதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கோ அதுவே இனித்தது. “எது உண்மையான டார்சி?” என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இது சுவை பற்றிய வழக்கு, யாருக்கும் இழப்பில்லை. ஆனால் எல்லா முகங்களும் இவ்வாறு தீங்கற்றவை அல்ல. சில கதைகளில் முகத்தை மாற்றினால் கதையின் பொருளே மறைந்து போகிறது. வேறு சிலவற்றில், மாற்றாமல் அப்படியே காட்டுவதே ஒரு மக்கட் கூட்டத்தின் மனத்தைப் புண்படுத்தி விடுகிறது. இவ்விரண்டிற்கும் ஒவ்வொரு சான்று காண்போம்.

லிவர்பூல் தெருவில் கிடைத்த சிறுவன்

எமிலி பிரான்டே எழுதிய ஒரே நாவல் ‘வதரிங் ஹைட்ஸ்’. 1847-ஆம் ஆண்டின் இறுதியில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியாயிற்று. ஏறத்தாழ ஓராண்டில், முப்பதே வயதில், எமிலி மறைந்து விட்டார். இன்று உலக இலக்கியத்தில் அந்நூலுக்கு அழியா இடம் உண்டு.

யார்க்ஷயர் மேட்டு நிலத்துப் பண்ணையார் ஒருவர் லிவர்பூல் நகருக்குச் சென்று திரும்புகையில், தெருவில் திக்கற்றுத் திரிந்த ஒரு சிறுவனை அழைத்து வருகிறார். அவன்தான் கதையின் நாயகன் ஹீத்கிளிஃப். அவன் நிறம் கறுப்பு. எந்த நாட்டவன், யார் பெற்ற பிள்ளை என்பது எவருக்கும் தெரியாது. அவனைக் கண்ட செல்வர் ஒருவர், இவன் ஒரு ‘லஸ்கர்’ பிள்ளையாக இருக்கலாம் என்கிறார். வளர்க்கும் பணிப்பெண்ணோ, உன் தந்தை சீனப் பேரரசராகவும் தாய் இந்திய அரசியாகவும் இருந்திருக்கக் கூடும் என்று சொல்லி அவனைத் தேற்றுகிறாள்.

லஸ்கர் என்ற சொல் நமக்குப் புதியதன்று. பாரசீக மொழியில் படையைக் குறிக்கும் ‘லஷ்கர்’ என்பதிலிருந்து வந்தது அது. நம் ஊர்களில் கால்வாய்களையும் மதகுகளையும் காக்கும் பணியாளருக்கும் அதே பெயர் வழங்குகிறது. அக்கால ஆங்கிலேயர் தங்கள் கப்பல்களில் வேலை செய்த ஆசியக் கடலோடிகளை அப்பெயரால் அழைத்தனர். வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற முஸ்லிம்கள் அவர்களுள் மிகப் பலர். கப்பல் கரை சேர்ந்த பின் கூலியும் இன்றி, ஊர் திரும்ப வழியும் இன்றி, ஆங்கிலத் துறைமுகங்களில் குளிரிலும் பசியிலும் வாடியோர் அவர்களிடையே ஏராளம். கதை நிகழும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிவர்பூல், ஆப்பிரிக்க அடிமை வணிகத்தின் பெருந்துறைமுகமாகவும் இருந்தது. அந்தத் தெருவில் அந்நிறத்தில் ஒரு பிள்ளை கிடந்தான் என்று எமிலி எழுதும்போது, அதற்குள் எத்தனை பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது பாருங்கள். அச்சிறுவன் அவமதிக்கப்படுவதும், கல்வி மறுக்கப்பட்டு வேலைக்காரனாகத் தள்ளப்படுவதும், பின்னர் அவன் நெஞ்சம் பழிவாங்கும் நெருப்பாக மாறுவதும் இந்த வேரிலிருந்தே கிளைத்தவை.

1939-இல் ஹாலிவுட்டில் வில்லியம் வைலர் இக்கதையை இயக்கினார். ஆங்கில நாடக உலகின் சிகரமாகத் திகழ்ந்த லாரன்ஸ் ஒலிவியர் ஹீத்கிளிஃபாக நடித்தார். நடிப்பில் குறை சொல்ல இயலாது. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. ஆயினும் நூலின் 34 அத்தியாயங்களில் ஏறத்தாழப் பாதி மட்டுமே திரைக்கு வந்தது. அடுத்த தலைமுறையின் கதை முழுவதும் விடப்பட்டது. அத்துடன் நாயகனின் அயல் நிறமும் போயிற்று. சமூகம் புறந்தள்ளிய ஒருவனின் கதை, கைகூடாத காதலின் கதையாகச் சுருங்கி விட்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. நாயகி கேத்தியாக நடித்தவர் மெர்ல் ஓபரான். அவர் 1911-இல் பம்பாயில் பிறந்தவர். கலப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் பிறப்பு தெரிந்தால் திரையுலகம் கதவை அடைத்துவிடும் என்ற அச்சத்தில், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லியே வாழ்நாளைக் கழித்தார். 1979-இல் அவர் மறைந்த பிறகே உண்மை உலகறிய வெளிவந்தது. கறுத்த அயலானுக்கு வெள்ளை முகம் தரப்பட்ட அதே படத்தில், இந்திய மண்ணில் பிறந்த ஒரு பெண் தம் பிறப்பை மறைத்துக் கொண்டு வெள்ளைக்காரப் பெண்ணாக நடித்திருக்கிறார். எமிலி நாவலில் எழுப்பிய கேள்வி, படப்பிடிப்புத் தளத்திலேயே உயிரோடு நடமாடிக் கொண்டிருந்தது. கேமராவுக்கு மட்டும் அது தெரியவில்லை!

2011-இல் ஆண்ட்ரியா ஆர்னால்டு என்ற பெண் இயக்குநர் இதே நாவலைப் படமாக்கினார். கறுப்பின இளைஞர் ஜேம்ஸ் ஹவ்சன் ஹீத்கிளிஃபாக நடித்தார். அது கண்டு வியந்தோர் உண்டு. முகம் சுளித்தோரும் உண்டு. ஆனால் நூலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்வு நூலை விட்டு விலகிய புதுமையாகத் தோன்றவில்லை. நூலுக்குத் திரும்பிய பயணமாகவே தோன்றியது.

டிக்கன்ஸுக்கு வந்த கடிதம்

இனி மறுபக்கம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837 முதல் 1839 வரை மாத இதழில் தொடர்கதையாக வந்தது. அநாதைச் சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகின் என்ற கிழவனை டிக்கன்ஸ் அதில் படைத்தார். அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பதைவிட ‘அந்த யூதன்’ என்றே நூல் நெடுகக் குறித்து வந்தார். ஓவியர் ஜார்ஜ் குரூக்ஷாங்க் அவனுக்கு வளைந்த பெருமூக்கும் கொடிய பார்வையும் தந்து படம் வரைந்தார்.

1860-இல் டிக்கன்ஸ் தம் லண்டன் வீட்டை ஒரு யூதக் குடும்பத்துக்கு விற்றார். அவ்வீட்டுத் தலைவி எலைசா டேவிஸ் 1863-இல் அவருக்குக் கடிதம் எழுதி, எங்கள் சமூகம் முழுவதற்கும் நீங்கள் அநீதி இழைத்து விட்டீர்கள் என்று முறையிட்டார். டிக்கன்ஸ் முதலில் தம்மை நியாயப்படுத்திக் கொண்டார். அக்காலத்தில் அத்தகைய குற்றவாளிகள் பெரும்பாலும் அவ்வினத்தவரே என்று பதில் எழுதினார். ஆயினும் அக்கடிதம் அவர் உள்ளத்தைத் தைத்திருக்க வேண்டும். அடுத்து எழுதிய நாவலில் ரையா என்ற நேர்மை மிக்க யூதப் பெரியவரைப் படைத்தார். 1867-இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ மறுபதிப்பு வந்தபோது, பிற்பகுதியில் ‘அந்த யூதன்’ என்ற சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். புகழின் உச்சியில் இருந்த ஓர் எழுத்தாளர், ஓர் இல்லத்தரசியின் கடிதத்துக்காகத் தம் நூலைத் திருத்தினார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

1948-இல் டேவிட் லீன் அந்நாவலைத் திரைப்படமாக்கினார். ஃபேகினாக நடித்த அலெக் கின்னஸுக்குக் குரூக்ஷாங்கின் ஓவியத்தைப் பார்த்து ஒப்பனை செய்தார்கள், அதே பெருமூக்கு. நூலுக்கு இதைவிட உண்மையாக நடந்துகொள்ள முடியுமா? ஆனால் யூதர்கள் லட்சக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1949-இல் பெர்லினில் அப்படம் திரையிடப்பட்டபோது யூத மக்கள் கிளர்ந்தெழுந்தனர், காட்சிகள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் 1951-இல்தான், அதுவும் சில பகுதிகள் வெட்டப்பட்ட பிறகே, படம் வெளியானது. டிக்கன்ஸ் கடைசியில் வருந்தித் திருத்தியதை விட்டுவிட்டு, முதலில் வரையப்பட்ட சித்திரத்துக்கு உண்மையாக இருந்ததன் விளைவு இது.

1968-இல் வந்த ‘ஆலிவர்!’ என்ற இசைப்படம் வேறு வழியில் சென்றது. யூத நடிகரான ரான் மூடி, ஃபேகினைக் குறும்பும் தந்திரமும் நிறைந்த கிழவனாக நடித்தார். நூலில் தூக்கு மேடைக்குப் போகும் ஃபேகின் இப்படத்தில் தப்பி நடந்து விடுகிறான். நூலின் எழுத்துக்கு அது முரண்தான். ஆயினும் டிக்கன்ஸ் பிற்காலத்தில் திருந்திய திசையில்தான் அது நடந்தது என்று சொல்லலாம்.

ஒரு தீயவனைக் காட்டி ஒரு சமூகத்தையே அடையாளம் காட்டும் பழக்கத்தின் வேதனையை வாசகர்களாகிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திரையில் தொப்பியும் தாடியும் தோன்றிய மாத்திரத்தில் அடுத்து என்ன வரும் என்று நம் பிள்ளைகளே ஊகிக்கும் நிலையை நாம் கண்டிருக்கிறோம். அந்த வேதனையை அறிந்த நாம், பிற சமூகத்தாருக்கு அது நேரும்போதும் அடையாளம் காண வேண்டும் அல்லவா?

கர்னல் மேஜரான கதை

முகம் மட்டுமன்றி நாடும் மொழியுமே மாறினால் என்ன ஆகும்? அதற்கும் சான்று உண்டு. அது நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி’ 1811-இல் வெளிவந்தது. 2000-இல் ராஜீவ் மேனன் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ அதன் தழுவலே. டெவன்ஷயர் குடில் இல்லை. செட்டிநாட்டு மாளிகையும் சென்னை வாடகை வீடும் வந்தன. நாவலில் கிழக்கிந்திய நாடுகளில் பணியாற்றித் திரும்பிய கர்னல் பிராண்டன், படத்தில் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படையில் ஒரு காலை இழந்த மேஜராகிறார். மம்மூட்டி அப்பாத்திரத்தில் நடித்தார்.

எல்லாம் மாறின, ஒன்று மட்டும் மாறவில்லை. சொத்து வேறு ஆண்மகன் கைக்குப் போக, தாயும் மூன்று பெண்மக்களும் பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு வெளியேறும் அந்த நிமிடம் மாறவில்லை. சொத்துரிமை அற்ற பெண்ணுக்கு அறிவும் அன்பும் மட்டும் போதுமா என்பதுதான் ஆஸ்டின் கேட்ட கேள்வி. அக்கேள்வி தமிழ் பேசியபோதும் கூர் மழுங்கவில்லை. ஆங்கிலத்திலேயே 1995-இல் இந்நாவலைச் சிறப்பாக இயக்கியவரும் தைவானில் பிறந்த ஆங் லீ என்பதை இங்கு நினைவு கூரலாம்.

இல்லத்தில் என்ன செய்யலாம்?

ஆகவே, “நூலில் உள்ளபடியே எடுத்தார்களா?” என்ற கேள்வி மட்டும் போதாது. உள்ளபடியே எடுத்தும் தவறலாம். தலைகீழாக மாற்றியும் நூலின் நெஞ்சைக் காத்து விடலாம். “நூல் யாருடைய துயரைச் சொல்ல வந்ததோ, அவர் படத்தில் இருக்கிறாரா?” என்று கேட்பதே சரியான அளவுகோல்.

உங்கள் மகளோ மகனோ கல்லூரியில் இந்நாவல்களுள் ஒன்றைப் பாடமாகப் படிக்கலாம். நேரமில்லை என்று படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போக எண்ணலாம். கடிந்து கொள்ள வேண்டாம். படம் பார்த்த பின் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நூலில் இருந்து படத்தில் காணாமற் போனவர் யார்? நூலில் இல்லாமல் படத்தில் வந்து சேர்ந்தது எது? இந்த முகத்தை இவருக்குத் தந்தவர் ஆசிரியரா, இயக்குநரா? விடை காண வேண்டுமானால் நூலைத் திறந்தே ஆக வேண்டும். முதல் அத்தியாயங்கள் கடினமாயிருந்தால் நீங்களும் உடன் அமர்ந்து படியுங்கள்.

1939-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஹீத்கிளிஃப் லஸ்கர் பிள்ளையாக இருக்கக் கூடும் என்பது அவர்களுள் நூலைத் திறந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. எமிலி அதை எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்; போய்ப் படிப்பது நம் பொறுப்பு.