வலிப்பு மாத்திரையும் புற்றுநோய் மருந்தும்



மூளையில் கட்டி கண்ட பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் வருகிறது. ஆகையால் கட்டிக்கு ஒரு மருந்தும் வலிப்புக்கு வேறொரு மருந்தும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டியதாகிறது. இவை அந்தச் சிறு சரீரத்துக்குள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாம் உட்கொள்ளும் மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். நெடுங்காலமாக வழக்கத்திலுள்ள பெனிடாயின், பினோபார்பிட்டோன், கார்பமாசெபைன் ஆகிய வலிப்பு மாத்திரைகள் இந்த வேலையைத் துரிதப்படுத்துகின்றன. அதனால் வின்கிறிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் தங்கள் வேலையை முடிக்குமுன்னே இரத்தத்திலிருந்து அகன்றுவிடுகின்றன. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனும் அப்படியே. பிள்ளை ஊசியின் வேதனையைச் சகிக்கிறது, பலனோ குறைந்துபோகிறது.

மறுபுறமும் உண்டு. சில புற்றுநோய் மருந்துகள் இரத்தத்தில் பெனிடாயின் அளவைக் குறைப்பதால், நின்றிருந்த வலிப்பு திரும்பவும் வரலாம். வால்ப்ரோயேட் என்ற மாத்திரை கல்லீரலைத் துரிதப்படுத்துவதில்லை. ஆனால் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கக்கூடும். புற்றுநோய் மருந்துகளும் அதையே செய்வதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இதனால் விளையும் தீங்கு இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தெளிவாகத் தெரியவந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையார் 716 பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மேற்சொன்ன பழைய வலிப்பு மாத்திரைகளை ஒரு மாதமோ அதற்கு மேலோ உட்கொண்ட 40 பிள்ளைகளுக்கு, நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகமாயிருந்தது. ஆகவே, கல்லீரலைத் துரிதப்படுத்தாத லெவெட்டிராசெட்டம் போன்ற மருந்துகளை இப்போது மருத்துவர்கள் நாடுகின்றனர். அதிலும் சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் கோபமும் உண்டாவதுண்டு.

நம் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அன்று அரிதாயிருந்த சிகிச்சை இன்று பல ஊர்களில் கிடைக்கிறது. ஆனால் கே.கே. நகரிலோ சுற்றுக் கிராமங்களிலோ உள்ள ஒரு குடும்பம் அறுவைக்கு ஓரிடமும் ஊசிக்கு வேறிடமும் போய், வலிப்பு மாத்திரையை வீட்டருகே கடையில் வாங்க நேரிடலாம். எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவர் பார்க்காவிட்டால், மருந்தே மருந்துக்கு எதிராகிவிடும்.

உங்கள் சபையில் இத்தகைய குடும்பம் இருந்தால் மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் வைத்து, போகுமிடமெல்லாம் காட்டட்டும். மாத்திரையைத் தாங்களாக மாற்றவேண்டாம். பயந்து திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் கடும் வலிப்பு வரக்கூடும். கையில் பணமில்லாமல் மாத்திரை தடைபடும் வீட்டில், ஒரு மாத மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் பெரிய உதவியே.