குவாங்சோ செல்லும் வணிகர்களுக்கு

தென்சீனத் துறைமுக நகரமான குவாங்சோவில் 1957 முதல் நடைபெற்றுவரும் கேண்டன் வணிகக் கண்காட்சி, நம் ஏற்றுமதி, இறக்குமதியாளர்களுக்கு நன்கு அறிமுகமானது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் அக்டோபர் நடுவிலும் தொடங்கி, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாக நடைபெறும். கட்டத்துக்குக் கட்டம் பொருள்கள் மாறும். தம் தொழிலுக்குரிய கட்டம் எதுவெனத் தெரிந்துகொண்ட பின்னரே விமானச்சீட்டு எடுப்பது நலம். அந்நாள்களில் விடுதி வாடகையும் உயர்ந்துவிடும்.

விசாவும் அறையும் உறுதியான பின் எஞ்சுவது பணம் பற்றிய ஏற்பாடு. குவாங்சோவில் தேநீர்க் கடை முதல் வாடகைக் கார் வரை அலிபே, வீசாட் ஆகிய செயலிகளின் வழியாகவே பெரும்பாலும் பணம் பெறுகின்றனர். இவ்விரண்டும் 2020இல் இந்திய அரசு தடைசெய்த செயலிகளின் பட்டியலில் உள்ளவை. ஆதலால் பிற நாட்டுப் பயணிகளைப் போல ஊரிலேயே அவற்றை அமைத்துக்கொண்டு புறப்பட நமக்கு வழியில்லை. யுபிஐயை நம்பியும் செல்ல இயலாது. ரொக்கமும் வங்கி அட்டையுமே நமக்குத் துணை.

ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அயல்நாட்டு நாணயத்தை ரொக்கமாக எடுத்துச்செல்ல ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதில் ஒரு பகுதியை யுவானாகவே பெற்றுக்கொள்ளுங்கள். 10, 20 யுவான் தாள்கள் மிகுதியாக இருக்கட்டும். ரொக்கத்தை வாங்க மறுக்கக் கூடாது என்பது சீன மைய வங்கியின் விதி. ஆயினும் 100 யுவான் தாளை நீட்டினால் பல சிறு கடைகளில் மீதி கொடுக்கச் சில்லறை இராது. மெட்ரோ ரயிலுக்கும் பேருந்துக்கும் ‘யாங்செங்தோங்’ என்னும் பயண அட்டை உண்டு. அதை வாங்கிவிட்டால் அத்தொல்லை ஓரளவு குறையும்.

அட்டையைப் பொறுத்தவரை, புறப்படுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே வங்கிச் செயலியில் இயக்கி, நாள் வரம்பையும் குறிக்க வேண்டும். திரும்பியதும் மறவாமல் நிறுத்திவிடுங்கள். ஏடிஎம்மிலோ விடுதியிலோ ரூபாயிலா யுவானிலா எனக் கேட்டால் யுவானையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க் கணக்கில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். டாலர் நிரப்பிய பயண அட்டையிலும், யுவானாக மாறும்போது தனிக் கட்டணம் பிடிக்கப்படலாம்.

அங்குச் சென்று உள்ளூர் சிம் வாங்கினாலும், இந்திய எண்ணின் ரோமிங் சேவையைத் துண்டிக்காதீர்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சீன இணையத்தில் முடக்கப்பட்டுள்ள வாட்ஸ்அப்பும் கூகுளும் ரோமிங்கில் பொதுவாக இயங்கும்.

கண்காட்சித் திடலுக்குச் செல்லும் எட்டாம் எண் மெட்ரோ தடத்திலேயே ஹுவாலின் கோயில் நிலையமும் இருக்கிறது. காஞ்சியிலிருந்து சென்றவர் என்று நாம் போற்றும் போதிதர்மர் சீனத்தில் கரையிறங்கிய இடம் இதுவே என்பது அவ்வூர் மரபு. அங்குள்ள ஐந்நூறு அருகர் சிலைகளைக் காண அரைநாள் போதும். வண்டி மாறவும் வேண்டியதில்லை.