மும்பையில் அடித்த வாணிப டாலர்: மெய்யும் போலியும்

பழைய சீன வெள்ளி நாணயம் என்று மக்கள் குறிப்பிடுவனவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே அடிக்கப்பெற்றதாகும். 1893ஆம் ஆண்டில் இந்திய நாணயச்சாலைகள், தனியார் கொண்டுவரும் வெள்ளியைத் தடையின்றி ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. ஈராண்டு கழித்து, 1895இல், கீழை நாட்டு வாணிபத்திற்கென வெள்ளி டாலர் அடிக்கும் பணியை மும்பை நாணயச்சாலை தொடங்கிற்று. பிரிட்டிஷ் வாணிப டாலர் எனப்படும் இந்நாணயம், இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1935 வரை வெளிவந்தது. கல்கத்தாவிலும் இலண்டனிலும் ஒரு சிறு பகுதி அடிக்கப்பெற்றது. சீனத் துறைமுகங்கள், ஹாங்காங், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இது வழங்கியது. எனவே, மலாயா சென்று திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் இது காணப்படின் வியப்பில்லை.

இதனைப் போன்ற போலிகளும் பல உள்ளன. போலியை மெய்யென வாங்குவோர் பொருள் இழக்கின்றனர். மெய்யைப் போலியென எண்ணி உருக்குவோர் மீட்க இயலாத வரலாற்றுச் சான்றை அழிக்கின்றனர். பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசு ஒன்றே இவ்விரு தவறுகளையும் பெரும்பாலும் தடுக்கவல்லது.

முதலில் தோற்றத்தை நோக்குக. ஒரு பக்கத்தில் சூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா உருவம். மறு பக்கத்தில் நடுவே நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து, சுற்றிலும் சீனத்திலும் அரபு வரிவடிவ மலாயிலும் மதிப்பு. மும்பையில் அடித்தவற்றுள் பெரும்பாலானவற்றில் சூலத்தின் நடு முனையில் 'பி' என்னும் நுண்ணிய ஆங்கில எழுத்தைப் பூதக்கண்ணாடியால் காணலாம். விளிம்பின் வரிகள் சீராக இருத்தல் வேண்டும். வார்ப்பில் செய்த போலியில் நுண்குழிகளும், மழுங்கிய எழுத்துகளும், விளிம்பைச் சுற்றி அராவிய தடமும் தென்படும்.

அடுத்து எடை. மெய்நாணயம் ஏறத்தாழ 26.95 கிராம் எடையும் 39 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. தேய்மானத்தால் எடை சிறிது குறையலாம்.

மூன்றாவது சோதனையே முதன்மையானது. நீருள்ள முகவையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்க. நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாதவாறு நீரில் முழுவதும் அமிழ்த்துக. குமிழிகள் ஒட்டியிருப்பின் நீக்குக. இப்போது தராசு காட்டும் மிகுதி, நாணயம் விலக்கிய நீரின் எடையாகும். நாணயத்தின் எடையை இதனால் வகுக்க ஒப்படர்த்தி கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமான இந்நாணயம் சுமார் 2.6 கிராம் நீரை விலக்கும். அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.3. அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலி சுமார் 3 கிராம் நீரை விலக்கும். அதன் ஒப்படர்த்தி 8.9 அளவே. பித்தளைக்கு அது இன்னும் குறையும்.

இங்குச் சில எச்சரிக்கைகள் தேவை. காந்தம் இழுத்தால் நாணயம் போலி. இழுக்காவிடினும் மெய்யென்று கொள்ளலாகாது, ஏனெனில் பித்தளையையும் காந்தம் இழுப்பதில்லை. சீன வணிகர் சோதித்துக் குத்திய முத்திரைகள் பல நாணயங்களில் உண்டு. போலி செய்வோரும் அவற்றைக் குத்துவர். எனினும், முத்திரைப் பள்ளத்தில் செம்பு நிறம் தெரியின் அது முலாம் பூசியதென ஐயுறலாம். ஈயமும் வெள்ளீயமும் தக்க அளவில் கலந்த போலி ஒப்படர்த்தியிலும் ஒத்துப்போகலாம். ஆனால் அது மென்மையானது, தட்டினால் மணியோசை எழாது. வெள்ளியிலேயே செய்த போலியை இச்சோதனைகள் காட்டா. அதற்கு அருங்காட்சியகத்தின் நாணயவியல் அறிஞரை நாடுதல் வேண்டும்.

நாணயத்தை அராவுதலும், அமிலம் இடுதலும், புளியால் துலக்குதலும் கூடாது. மெய்யான நாணயமும் அவற்றால் கெடும். ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு முதலில் தெரிந்த உலோகத் துண்டு ஒன்றை இவ்வாறு நிறுத்துப் பார்க்கச் செய்து, தராசின் பிழையளவை அறிந்தபின் நாணயத்தைச் சோதிப்பது நலம்.