யுத்தத்தில் பிறந்த பெங்களூர் விமானத்தளம்

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்களில் 'ஏர்போர்ட் ரோடு' என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. 2008-ம் ஆண்டு மே 24-ந் தேதி தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அன்றோடு இங்கிருந்த பயணிகள் விமானப் போக்குவரத்தும் அங்கே மாறியது. சாலைக்கு 'பழைய ஏர்போர்ட் ரோடு' என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் இந்தத் தளம் பயணிகளுக்காக ஏற்பட்டதல்ல. யுத்தத்துக்காக ஏற்பட்டது.

வானத்தில் ஒரு சந்திப்பு

1939-ம் ஆண்டு. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் கார் தொழிற்சாலை தொடங்கும் எண்ணத்துடன் அமெரிக்கா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வரும் வழியில் விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். பாலி, சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். "இந்தியாவில் ஏன் கூடாது?" என்ற கேள்வி அங்கே பிறந்தது.

மைசூர் சமஸ்தானம் கை கொடுத்தது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் ஆர்வத்துடன் முன்வந்தார். சுமார் 700 ஏக்கர் நிலமும் முதலீட்டில் பங்கும் கிடைத்தன. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1940-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி 'ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' கம்பெனி பதிவாயிற்று. மறு ஆண்டே இந்திய அரசும் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தமானது.

1941 ஆகஸ்டில், இங்கே கோக்கப்பட்ட ஹார்லோ பயிற்சி விமானம் பறந்தது. அடுத்த ஆண்டு ஹாக் சண்டை விமானமும் பறந்தது.

கனவு மாறியது

அதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஜப்பான் போரில் குதித்தது. சிங்கப்பூரும் ரங்கூனும் வீழ்ந்தன. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன. அதே மாதம் வால்சந்தின் பங்குகளை அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. 1943-ல் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பொறுப்புக்குப் போயிற்று.

புது விமானம் கட்டும் கனவு ஒதுங்கியது. பழுது பார்ப்பதே வேலையாயிற்று. பர்மா போர்முனையிலும், இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோவதிலும் அடிபட்ட விமானங்கள் இங்கே வந்து இறங்கின. கட்டலினா என்ற கடல் விமானங்கள் பக்கத்திலுள்ள பெல்லந்தூர் ஏரித் தண்ணீரிலேயே இறங்கின.

சொந்தமாக விமானம் கட்ட முடியவில்லையே என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் ஓவர்ஹால் என்பது சாமானிய வேலையல்ல. விமானத்தை அக்கக்காகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, அளந்து, விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். தேய்ந்ததை மாற்றி மறுபடி பூட்ட வேண்டும். ஒரு ரிவெட் தவறினாலும் உயிர் போகும். அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் பிட்டருக்கும் டர்னருக்கும் வெல்டருக்கும் வேறு ஏது?

குப்பையிலிருந்து குண்டுவீச்சு விமானம்

படித்த பாடத்துக்குச் சோதனை சுதந்திரத்துக்குப் பின் வந்தது. போரின்போது பிரிட்டிஷார் அமெரிக்காவிடம் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கடனாகப் பெற்றிருந்தார்கள். போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எனவே கான்பூரில் நின்றவற்றை இனி யாருக்கும் உதவாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

1948-ல் பெங்களூர்த் தொழிலாளர்கள் அந்தக் குப்பையில் கை வைத்தார்கள். கான்பூரில் பறக்கும் அளவுக்கு ஒட்டுப் போட்டார்கள். எச்.ஏ.எல். விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இங்கே முழுதாகச் செப்பனிடப்பட்டு, இந்திய விமானப் படையில் அவை 1968 வரை பறந்தன. அவற்றில் ஒன்றை 1974-ல் பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்துக்கு இந்தியா அளித்தது. உடைத்துப் போட்டவர்களின் நாட்டுக்கே அது பறந்து போய்ச் சேர்ந்தது!

சம்பளமும் சரித்திரமும்

போர் நின்றதும் பட்டறைக்கு வேலை குறைந்தது. ஆட்களைக் காப்பாற்ற ரயில் பெட்டிகளும் பஸ் கூடுகளும் செய்தார்கள். கூடவே டாக்டர் வி.எம்.காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. 1961-ல் மாருத் ஜெட் வந்தது. 1964-ல் கம்பெனி 'ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்' ஆனது. 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் முதன்முதலாகக் கிளம்பியதும் இதே ஓடுபாதையிலிருந்துதான்.

எச்.ஏ.எல். சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெண்களைக் கட்டிக்கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் எத்தனையோ. வால்சந்துக்கும் முன்ஷிக்கும் புத்தகங்களில் இடம் உண்டு. விமானத்தைக் கழற்றிப் பூட்டிய தொழிலாளியின் பெயர் எதிலும் இல்லை. ஆனால் அந்நியர் விட்டுப்போன பட்டறையை நம்முடையதாக ஆக்கியவை அவருடைய கைகளே.