தோட்டப் பிள்ளைகளின் உயர்கல்வி: வியாபாரிகள் எந்த இடத்தில் உதவ வேண்டும்?

எமது ஊர் இறக்குவானையில் அண்மையில் ஒரு பாராட்டு விழா நடந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மூன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம் எல்லாம் கொடுத்தார்கள். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் சிற்றுண்டிக்கும் கடை கடையாகப் பணம் சேர்த்தார்கள். நானும் கொடுத்தேன். விழா நல்ல விழாதான். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு சாதாரண தரம் சித்தியடைந்து, மேடைக்கு வராமல் போனவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அவர்களில் ஒருவன் எங்கே என்று எனக்குத் தெரியும். என் கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொண்டிருக்கிறான்.

நாலு வருடத்துக்கு முன் அவனுடைய தகப்பன் கூட்டி வந்தார். இறப்பர் பால் வெட்டுகிறவர், எங்கள் பழைய பற்றுக் கொப்பிக்காரர். "முதலாளி, பரீட்சை எழுதிட்டான், கடையில போட்டுக்கங்க" என்றார். எனக்கும் ஆள் தேவையாக இருந்தது. பெறுபேறு என்னவென்று நான் கேட்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஊழியர் சேமலாப நிதிக்குப் பத்திரம் நிரப்பும்போதுதான் அவனுடைய சான்றிதழைப் பார்த்தேன். கணிதத்தில் ஏ. வணிகக் கல்வியும் கணக்கீடும் பாடத்திலும் ஏ. "ஏன் தம்பி மேலே படிக்கல்ல?" என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயர் தரம் இல்லை, டவுனுக்குப் போக பஸ் காசு வேண்டும் என்றான். அப்போது வகுப்புத் தொடங்கி மாதக் கணக்காகி விட்டது. நான் வாயை மூடிக் கொண்டேன். அவன் நல்ல வேலைக்காரன். அவன் படிக்காமல் போனதில் என் கடைக்கு லாபம்தான். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சட்டப்படி நான் பிழை செய்யவில்லை. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்ந்தது. வேலைக்கு எடுக்கும் ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆனது. சாதாரண தரம் எழுதி முடிக்கும் வயதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே பள்ளிக்கூடம் பிள்ளையை விடுகிற அதே நாளில் கடைக்காரன் கூப்பிடலாம். கொழும்பிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், நாங்களும் கூப்பிடுகிறோம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்த வீட்டில் இன்னும் இரண்டு வருடம் காத்திரு என்று சொல்ல யாரால் முடியும்?

இனி, பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்பதை வியாபாரிகள் விளங்கிக் கொள்ள வேண்டும். விளங்காமல் கொடுக்கிற பணம் விழாவுக்குத்தான் போகும்.

பாடசாலைகளில் வகை உண்டு. 1ஏபி என்றால் உயர் தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் நடத்தலாம், விஞ்ஞானம் இல்லை. வகை 2 பாடசாலை 11 ஆம் தரத்தோடு முடிந்து விடும். சப்ரகமுவவில் தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கக்கூடிய பாடசாலைகள் மிகச் சில. ஆகவே தோட்டத்துப் பிள்ளை உயர் தரம் படித்தாலும் பெரும்பாலும் கலைப் பிரிவுதான்.

இதில்தான் பலருக்குத் தெரியாத விடயம் இருக்கிறது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்குக் கோட்டா இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்பார்கள். பொதுவான முறை இது: ஒரு பாடநெறியின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கு ஏற்ப, மிகுதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16 இல் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. தெரணியகலைப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் இடையில் அப்படி ஒரு வித்தியாசம். ஆனால் கலைப் பிரிவுப் பாடங்களோடு மட்டும் சேரக்கூடிய பாடநெறிகளுக்கு இந்த மாவட்டக் கணக்கே கிடையாது. எல்லாம் அகில இலங்கைத் திறமை. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவளும் நகரத்துப் பெரிய பாடசாலையில் படித்தவளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டின் பயன், விஞ்ஞானமும் வர்த்தகமும் படிக்க வசதியுள்ள நகரத்துப் பிள்ளைகளுக்கே கூடுதலாகப் போகிறது.

கலைப் பிரிவைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்கள் பலர் அந்த வழியால் வந்தவர்கள். ஆனால் வர்த்தகப் பிரிவை நாம் மறந்து விட்டோம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருந்தால் 1சி பாடசாலையிலேயே நடத்தலாம். மாவட்ட ஒதுக்கீடும் கிடைக்கும். வரவு செலவு நமக்குத் தெரிந்த தொழில். நம்மால் உதவக்கூடிய பிரிவு இதைவிட வேறு எது?

எங்கள் ஊரில் ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து இதைத்தான் தொடங்கியிருக்கிறோம். கடைக்கு மாதம் 3,000 ரூபா. சனிக்கிழமை கணக்கீடு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் காசு, அவ்வளவுதான். இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் உண்டு. ஆனால் எங்கள் பாதையில் பாடசாலை நேரத்துக்கு வருவது தனியார் பஸ். அதில் சீசன் செல்லாது. இப்படிச் சின்ன விடயத்தில்தான் பிள்ளை நின்று போகிறது. பெறுபேறு வந்த பிறகு தேடினால் பிந்தி விடும் என்பது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஆகவே பரீட்சைக்கு முன்பே அதிபரிடம் பெயர்களைக் கேட்டு வாங்கினோம்.

இரண்டாவது தடை உயர் தரப் பெறுபேற்றுக்குப் பின் வருகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசித்து, குறித்த நாட்களுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாடநெறிகளை விருப்ப வரிசையில் போட வேண்டும். வரிசை பிழைத்தால் நல்ல புள்ளி இருந்தும் வேண்டாத இடம் கிடைக்கும். கடையில் கணினி வைத்திருப்பவர் அந்த நாட்களில் ஒரு மணித்தியாலம் கொடுத்தால் போதும், பக்கத்தில் ஏற்கெனவே பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒன்றை உட்கார வையுங்கள்.

இடம் கிடைத்தாலும் மஹாபொல உடனே கைக்கு வராது. 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய நிதியம் அது. மாதத் தவணையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்க 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். நல்லது. ஆனால் முதல் தவணை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மெத்தை, உடுப்பு, பஸ், சாப்பாடு, கணினி எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். சரக்கு வந்திறங்கிய பிறகு கிடைக்கிற கடன் எதற்கு உதவும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடைவெளிக்குக் கைமாற்றாகக் கொடுத்தாலும் பெரிய உதவி. இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியமும் உயர் தர, பல்கலைக்கழக மாணவருக்குப் புலமைப்பரிசில் தருகிறது. அறிவித்தல் பத்திரிகையில் வரும். வெட்டியெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

இது நமக்குப் புதிய வேலை இல்லை. பணமில்லாமல் முஸ்லிம் மாணவர் உயர்கல்வியை இழக்கக் கூடாது என்று ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945 இல் புலமைப்பரிசில் நிதியம் அமைத்தார். மாணிக்க வியாபாரி நளீம் ஹாஜியார் 1973 இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவைக் கட்டினார். நமது பிள்ளைகள் அதனால் உயர்ந்தார்கள். தோட்டத்துக்காரர் நமது சமூகமில்லையே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய கடை சம்பள நாளில் யாரால் நிறைகிறது என்று கேட்டேன். ஸகாத் பணத்தைக் கொடுக்கலாமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சொல்வது ஸதகாவைப் பற்றியும், வருடாவருடம் கலண்டர் அடித்துச் செலவழிக்கும் பணத்தைப் பற்றியும்.

என் கடைப் பையனுடைய தங்கை இப்போது அந்தக் கணக்கீடு வகுப்பில் இருக்கிறாள். சனிக்கிழமை கடையில் கூட்டம். ஆனாலும் அவளை வகுப்பில் விட்டு வர அவனுக்கு அரை மணித்தியாலம் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு நானே தராசில் நிற்கிறேன்.