ஏற்றத்தில் வேகும் கியர்பாக்ஸ்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே உள்ள டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு நெடுஞ்சாலை பாலைவன மலையில் ஏறுகிறது. சுமார் 18 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கோடையில் அங்கே 45 டிகிரி வெயில் சாதாரணம். டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிகளுக்கு இந்தச் சாலைதான் பரீட்சை மண்டபம்.

ஒரு காலத்தில் தன் வண்டி எத்தனை டன் இழுக்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டக் கணக்குப்படி சொல்லிக்கொண்டிருந்தது. 2008-இல் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 விதியைக் கொண்டுவந்தது. டேவிஸ் அணை ஏற்றத்தில், குறைந்தது 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டி ஏற வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது; கூலன்ட் வழியக் கூடாது. 2011 மாடல்களுக்கு இதை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. அதனால் அதன் டண்ட்ரா பிக்கப்பின் இழுவை எண் குறைந்தது. குறைந்த எண்ணையே வெளியிட்டது பாராட்டத்தக்க நேர்மை.

இந்த ஏற்றம் ஏன் இவ்வளவு கடுமை? வண்டியும் டிரெய்லருமாக 6 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த 64 கிலோமீட்டர் வேகத்தில் உச்சிக்குப் போக சுமார் 17 நிமிடம் ஆகும். எடையை உயரத்துக்குத் தூக்க மட்டுமே 50 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். எஞ்சின் எரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சம் கூலன்ட் தலையில் விழுகிறது. அதாவது, வீட்டுக் கீசர்கள் இருபத்தைந்தை ஒன்றாகப் போட்டதுபோன்ற வெப்பத்தை ரேடியேட்டர் 17 நிமிடமும் விடாமல் வெளியே தள்ள வேண்டும், அதுவும் கொதிக்கும் காற்றிலே.

எஞ்சின் சூடானால் முள் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். என் கவலையெல்லாம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றித்தான். பல வண்டிகளில் அதன் சூட்டைக் காட்ட முள்ளே கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயை வீசியடிக்க, அந்த வீச்சில் கியர் பக்கத்து இறக்கைகள் சுழல்கின்றன. இரண்டின் வேகத்துக்கும் வித்தியாசம் இருக்கும் வரை, இடையில் தொலையும் சக்தி எல்லாம் எண்ணெயைத்தான் சூடாக்கும். சுமையோடு மேட்டில் நின்று கிளம்பும் கணத்தில் ஒரு பக்கம் முழு மூச்சாகச் சுழல, மறுபக்கம் அசையாமல் நிற்கிறது. எண்ணெய் வேகுவது அப்போதுதான். ஜே2807 விதியில், 12 சதவீதச் சரிவில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை நின்று கிளம்பும் சோதனையும் உண்டு.

ஓட்டம் சீரானதும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும்; சூடும் அடங்கும். ஆனால் மேட்டில் டாப் கியருக்கும் அடுத்த கியருக்கும் மாறி மாறித் தாவும் வண்டியில் அந்தப் பூட்டு அடிக்கடி விட்டுப்போகும். ஆகவே கியர் அப்படி அடிக்கடி தாவாமல் தடுக்கும் டோ-ஹால் பட்டனை அழுத்துங்கள். அது இல்லையென்றால் கையாலேயே ஒரு கியர் இறக்கி நிறுத்துங்கள். எஞ்சின் சத்தம் கூடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சுழற்சி கூடினால் வாட்டர் பம்பும் அதிகமாகத் தள்ளும். எஞ்சினோடு சுழலும் ஃபேன் உள்ள வண்டிகளில் காற்றும் கூடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் நம் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் வண்டியில் கன்வெர்ட்டர் இல்லை. அங்கே ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் கருகுவது கிளட்ச் பிளேட்.

முள் ஏறத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்து, ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஆவி கிளம்பிவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூடு ஆறும் வரை தொடவே கூடாது.

அடிக்கடி சுமை இழுப்பவர்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி கூலர் வைப்பது நல்ல முதலீடு. பல வண்டிகளில் அந்த ஆயில் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்வதால், எஞ்சின் சூடும் கியர் சூடும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். டிப்ஸ்டிக் இருந்தால் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பு நிற ஆயில் பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால், கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பல கையேடுகளில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கென்று ஆயில் மாற்றும் தனி அட்டவணையே உண்டு; பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.