லினக்ஸில் விளையாட்டு: நேரடிப் பதிப்புக்கு ஏன் காத்திருக்கிறார்கள்?

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்ட 'திஸ் வார் ஒஃப் மைன்' கணினி விளையாட்டில் நாம் படைவீரர் அல்லர். முற்றுகைக்குள் உணவும் மருந்தும் தேடி அலையும் பொதுமக்கள். பதுங்குகுழி வாழ்வை அறிந்த வன்னியில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. (விளையாட மனம் வருமா என்பது வேறு விடயம்.) அதற்கு லினக்ஸ் பதிப்பும் உண்டு.

எல்லா விளையாட்டுகளுக்கும் அப்படி இல்லை. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. பழைய மடிக்கணினியை வீசாமல் லினக்ஸுக்கு மாறியவர்கள், சிறு குழுக்களின் விளையாட்டுகள் பல விண்டோஸுக்கு மட்டுமே வருவதைக் காண்கிறார்கள்.

வால்வ் நிறுவனம் 2018 இல் தந்த 'புரோட்டன்' அவற்றை லினக்ஸில் இயக்கும். ஆனால் அது பெரும்பாலும் வரைகலைக் கட்டளைகளை 'வல்கன்' முறைக்கு மாற்றியே இயக்குகிறது. வல்கன் இல்லாத பழைய கணினியில் அது தடுமாறும். ஓபன்ஜிஎல்லில் ஓடும் நேரடிப் பதிப்புக்கு அந்தத் தடை இல்லை.

காத்திருப்பு சிலவேளை பலிக்கும். 2015 செப்டெம்பரில் விண்டோஸுக்கு வந்த 'அண்டர்டேல்', 2016 ஜூலையில் லினக்ஸுக்கும் வந்தது. வாங்குமுன் ஸ்டீம் பக்கத்தின் கணினித் தேவைகள் பகுதியில் லினக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் புரோட்டனில் சோதிக்கலாம்: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.